நாவுக்கரசர் ஏந்திய உழவாரம்

(திருக்குட நன்னீராட்டு விழாப் பேரவையில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருச்சிற்றம்பலம்



சிவாலயங்களின் திருச்சுற்றில் சமயக் குரவர் நால்வரும் வரிசையாக எழுந்தருளியிருக்கும் காட்சியை யாவரும் கண்டு வணங்கியிருப்பர். திருஞானசம்பந்தர் பால் மணம் மாறாத பிள்ளைத் திருவுருவில் விளங்குவார். சுந்தரர் மணக்கோலப் பொலிவோடு நிற்பார். மாணிக்கவாசகர் திருக்கரத்தில் ஏட்டுச் சுவடி திகழும். திருநாவுக்கரசர் ஒருவரே தோளில் சார்த்திய ஒரு கருவியோடு நிற்கின்றார். அக்கருவிக்கு உழவாரம் என்று பெயர். நீண்ட காம்பும் தட்டையான அலகும் உடையது. திருவீதியிலும் திருச்சுற்றிலும் முளைத்த புல்லைச் செதுக்க உதவுவது.

இங்கே ஒரு வினா எழுகின்றது. இவர் நாவுக்கு அரசர் என்று இறைவனாலேயே பெயர் பெற்றவர். பன்னிரு திருமுறைகளுள் நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகள் மூன்றும் இவர் திருவாக்கு. தாண்டகம் பாடுவதில் ஒப்பாரின்மையால் தாண்டக வேந்தர் என்று புகழப்பெற்றவர். இத்தகைய சொல்வேந்தர் கையில் ஏடும் எழுத்தாணியும் அன்றோ இருத்தல் வேண்டும்? அவற்றை விடுத்துப் புல் செதுக்கும் கருவியை அவர் ஏந்தி நிற்பது எதனால்?

இவ்வினாவுக்கு விடை கண்டால், வாழ்க்கைக்கு மிகவும் வேண்டிய ஓர் உண்மை புலப்படும். ஒரு துறையில் முற்றிய தேர்ச்சி பெற விழைவது நல்லதே. ஆயினும் தேர்ச்சி வளர வளர மனிதன் ஒரு பக்கமாகச் சாய்ந்து விடுவதும் கண்கூடு. கற்றவனிடம் செருக்குச் சேர்கின்றது. செல்வம் ஈட்டியவனுக்கு ஈட்டலே வாழ்க்கையாகி விடுகின்றது. நோன்பு நோற்பவன்கூட நோலாதவனை இகழத் தொடங்குகின்றான். உயரவும் வேண்டும், சாயாமலும் இருத்தல் வேண்டும். இஃது எங்ஙனம் கைகூடும் என்பதை 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து காட்டியவர் அப்பர் பெருமான். அவ்வாழ்க்கையை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்து அருளினார்.

ஒரு வீட்டின் இரு வழிகள்

திருமுனைப்பாடி நாட்டில், இன்றைய பண்ணுருட்டிக்கு அண்மையில் உள்ள திருவாமூரில், புகழனார்க்கும் மாதினியார்க்கும் மக்கள் இருவர். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருணீக்கியார். திலகவதியார்க்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் என்னும் படைத்தலைவர் போர்மேற் சென்றார். அவர் திரும்புமுன் தந்தையும் தாயும் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். பின்னர்க் கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் துறந்தார் என்னும் செய்தி வந்தது. திலகவதியார் தாமும் உயிர்விடத் துணிந்தார். தம்பி அவர் அடியில் வீழ்ந்து, தமக்கையார் பிரிந்தால் தாம் அவருக்கு முன்னரே உயிர் நீப்பதாகக் கூறி அழுதார். அந்தச் சிறுவனுக்காகவே அவர் உயிர் தாங்கினார்.

இத்துயரம் இருவரையும் இரு வேறு வழியில் செலுத்தியது. மருணீக்கியார் உலகின் நிலையாமையை எண்ணினார். அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தர்களும் அமைத்தார். மெய்ப்பொருள் யாது என்று ஆராயப் புகுந்தார். பாடலிபுத்திரம் சென்று சமண நூல்களைக் கற்று, அச்சங்கத்தார் யாவரும் மதிக்கும் தலைமை எய்தித் தருமசேனர் என்று பெயர் பெற்றார். வாதத்தில் அவரை வெல்வார் இலர். அது பெருந்தேர்ச்சி என்பதில் ஐயமில்லை.

தமக்கையார் மேற்கொண்ட வழியோ ஆரவாரம் அற்றது. கெடிலக் கரையில் உள்ள திருவதிகை வீரட்டானத்தை அவர் அடைந்தார். நாள்தோறும் பொழுது புலருமுன் எழுந்து திருவலகு இடுதல், சாணத்தால் மெழுகுதல், மலர் கொய்து மாலை தொடுத்தல் ஆகிய இவையே அவர் செய்தவை. அவரைப் புகழ்ந்து பட்டம் அளித்த அவை ஒன்றும் இல்லை. துடைப்பம் ஒன்றே துணையாக அவர் பல்லாண்டு அத்தலத்தில் வாழ்ந்தார்.

ஒரே துயரத்திலிருந்து புறப்பட்ட இவ்விரு வழிகளும் மீண்டும் சந்தித்த இடமே அப்பர் வரலாற்றின் உயிர்நிலை.

தெளிவு பிறந்த இடம்

தருமசேனருக்குக் கொடிய சூலைநோய் வந்தது. கற்ற மந்திரங்கள் துணை செய்யவில்லை. உடனிருந்தோர் செய்த பரிகாரங்களும் பயன் தரவில்லை. அவர் உள்ளத்தில் தமக்கையாரின் நினைவு எழுந்தது. சமையற்காரன் ஒருவனை அவரிடம் அனுப்பினார். தாம் அங்கு வருவதற்கில்லை என்று திலகவதியார் விடை சொல்லி விடுத்தார். அதன்மேல் தருமசேனர் இரவில் யாரும் அறியாதவாறு புறப்பட்டுத் திருவதிகை வந்து தமக்கையாரின் திருவடியில் வீழ்ந்தார்.

அன்பர்களே! இங்குச் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். ஒரு பெருஞ்சங்கத்தின் தலைவர், வாதத்தில் தோல்வி அறியாதவர், கோயிலில் அலகிடும் தமக்கையிடம் வழி கேட்டு வருகின்றார். நோய் அவரைத் துரத்தியது உண்மையே. ஆயினும் நோயுற்றோர் யாவரும் இவ்வாறு திரும்புவதில்லை. இத்தனை ஆண்டு கொண்ட கொள்கையை எங்ஙனம் விடுவது, உலகம் என்ன சொல்லும், பெற்ற பெருமை என்னாகும் என்று தடுமாறுவோரே பலர். கற்ற கல்வியே அவர்களுக்குத் தளையாகி விடும். அப்பர் பெருமானோ தாம் கற்றது தமக்குத் துணை நில்லாத இடத்தைக் கண்டார், கண்டவுடன் ஒப்புக்கொண்டார், ஒப்புக்கொண்டவுடன் எழுந்து நடந்தார். தெளிவு என்பதற்கு இலக்கணம் இதுவே. நிரம்பக் கற்றிருப்பவர் யாவரும் தெளிந்தவர் ஆகார். கற்றது எதுவரை செல்லும் என்று அறிந்தவரே தெளிந்தவர்.

திலகவதியார் தம்பியைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. திருநீறு அளித்தார், திருப்பள்ளியெழுச்சிக் காலத்தில் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். தாம் வழக்கமாகச் செய்யும் அலகும் மெழுக்கும் தோண்டியும் கொண்டே சென்றார் என்று சேக்கிழார் குறிப்பது உன்னத் தக்கது. தம்பி மீண்ட நாளன்றும் அவருடைய பணி ஒரு நாழிகையும் நிற்கவில்லை. அவ்விடத்திலேயே அப்பரின் முதற் பதிகம் பிறந்தது, சூலை நீங்கிற்று, நாவுக்கரசு என்னும் திருப்பெயரும் வானொலியாக எழுந்தது.

உழவாரம் ஏந்தியது ஏன்?

நாவுக்கு அரசு என்று பெயர் பெற்ற அந்நாளிலேயே அவர் கையில் உழவாரத்தையும் ஏந்தினார். மனத்தால் நினைத்தல், வாக்கால் பாடுதல், காயத்தால் தொண்டு செய்தல் ஆகிய மூன்றையும் ஒருங்கே மேற்கொண்டார். தம்பியின் கல்வியும் தமக்கையின் கைப்பணியும் ஒருவரிடமே வந்து கூடின. முன்பு கற்ற கல்வியை அவர் எறிந்துவிடவில்லை என்பதும் நோக்கத்தக்கது. அத்தமிழ்ப் புலமை பதிகங்களாகப் பெருகிற்று. ஆனால் இம்முறை நாவுக்குக் கை காவலாக நின்றது.

பாட்டும் உழவாரமும் தம்முள் வேறுபட்ட இயல்பின. பாட்டைக் கேட்டவர் வியப்பர். புல் செதுக்குவாரை வியப்பார் இலர். பாடிய பாட்டு அழியாமல் நிற்கும்; செதுக்கிய புல்லோ ஒரு மழை பெய்தால் அதே இடத்தில் மீண்டும் தலைகாட்டும். கோபுரத்தின் சுதைப் பிளவில் பறவை இட்ட அரச விதை ஒன்று போதும். அது வேர்விட்டுக் கருங்கல்லையும் பிளந்துவிடும். ஆகவே உழவாரப் பணிக்கு முடிவு என்பதே இல்லை. ‘முடித்துவிட்டேன்’ என்று மார்தட்டும் நாள் அதில் ஒருபோதும் வாராது. தேர்ச்சியால் வரும் செருக்கிற்கு இதனைவிடச் சிறந்த மருந்து யாது? நாள்தோறும் சொல்லின் உச்சியில் ஏறியவர், நாள்தோறும் மண்ணுக்குக் குனிந்தார். அவ்வாறு குனிந்தமையாலேயே உச்சியில் தலை சுற்றாமல் நின்றார்.

பல்லவ மன்னன் அவரை வருத்தியபோதும் அந்நிலை மாறவில்லை. அம்மன்னனை முதலாம் மகேந்திரவர்மன் என்று வரலாற்று ஆசிரியர் பலர் கொள்வர். நீற்றறையில் ஏழு நாள் இட்டும், நஞ்சு ஊட்டியும், யானையை ஏவியும், இறுதியில் கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளியும் மன்னன் கண்டது கலங்காத ஒரு நெஞ்சம். கடல் அவரைத் திருப்பாதிரிப்புலியூரின் அருகே கரை சேர்த்தது. முன்னர்த் தருமசேனராய்க் கற்ற பாடலிபுத்திரம் அவ்வூரே என்பர். கற்ற இடத்திற்கே கரையேறி வந்தவர், இம்முறை அடியவர் எதிர்கொள்ள வந்தார்.

வாசி இல்லாக் காசு

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்த வரலாறு இக்கருத்துக்கு நேரான சான்று. மழை பொய்த்து உயிர்கள் வாடிய அக்காலத்தில் சம்பந்தரும் அப்பரும் அத்தலத்தில் தங்கியிருந்தனர். அடியார்க்கு அமுதூட்டும் பொருட்டு, நாள்தோறும் கிழக்குப் பீடத்தில் ஒன்றும் மேற்குப் பீடத்தில் ஒன்றுமாக இறைவன் இருவருக்கும் பொற்காசு வைத்தருளினான். அக்காசு கொண்டு இரு திருமடங்களிலும் உணவு சமைத்தனர். அப்பர் மடத்தில் அடியவர் உரிய பொழுதிலேயே உண்டனர். சம்பந்தர் மடத்திலோ சிறிது காலம் தாழ்த்தது. காரணம் வினவியபோது, சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைவீதியில் வாசி கேட்கின்றனர் என்றும், அப்பர் பெற்ற காசுக்கு வாசி இல்லை என்றும் தெரிந்தது. வாசி என்பது காசை மாற்றும்போது அதன் தரம் நோக்கிக் கழிக்கும் வட்டம்.

இறைவன் தந்த காசில் வேற்றுமை ஏன்? அப்பர் கையால் தொண்டு செய்பவர். ஆதலின் அவருக்கு வாசி இல்லாக் காசு கிடைத்தது என்பது சேக்கிழார் தரும் விளக்கம். சம்பந்தர் பதிகம் பாடி வேண்ட, அவருக்கும் வாசி தீர்ந்தது. இருவருள் ஒருவர் உயர்ந்தார் என்பது இதன் கருத்தாகாது. கையுழைப்புச் சேர்ந்த தேர்ச்சி, எந்தக் கடையில் கொடுத்தாலும் முழு மதிப்புப் பெறும் காசு போன்றது. பசித்த அடியார்க்கு உணவு உரிய பொழுதில் கிடைத்தது என்பதையும் மறத்தலாகாது. கையால் உழைத்தவரின் பயன் முதலில் பசித்தவரைச் சென்று சேர்ந்தது.

திருமறைக்காட்டில் நிகழ்ந்தது

தேர்ந்தவரைச் சாய்ப்பவற்றுள் ஒப்பிட்டுப் பார்த்தல் மிகக் கொடியது. தம்மினும் இளையவர் தம்மினும் எளிதாக ஒன்றைச் செய்து முடிக்கும்போது உள்ளம் படும் பாடு பெரிது. அச்சோதனையும் அப்பருக்கு வந்தது. வேதாரணியம் எனப்படும் திருமறைக்காட்டில், மறைகள் வழிபட்டு அடைத்துச் சென்ற திருக்கதவம் திறவாது நின்றது. சம்பந்தர் வேண்ட, அப்பர் பதிகம் பாடினார். பதிகம் முழுதும் பாடிய பின்னரே கதவு திறந்தது. பின்னர் அது வழக்கம்போல் அடைபடும்படி சம்பந்தர் பாடினார். முதற் பாட்டிலேயே கதவு அடைத்துக்கொண்டது.

அப்பர் உள்ளம் நொந்தார். தாம் அரிதில் திறப்பித்ததையும் பிள்ளையார் எளிதில் அடைப்பித்ததையும் எண்ணி, இறைவன் திருக்குறிப்பைத் தாம் அறியவில்லையே என்று கவன்று கண்துயின்றார். அத்துயரம் எவர்மேலும் பாயவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. பிள்ளையார்மேல் அழுக்காறு முளைக்கவில்லை. பாடுவதை விட்டுவிடவும் இல்லை. தம்மிடத்துக் குறை யாது என்றே நினைந்தார். இறைவன் கனவில் தோன்றித் திருவாய்மூருக்கு வருமாறு அழைத்தருளினான். பிற உயிரை நோக்கிச் சுழலும் துயரம் அழுக்காறாகும். தன்னை நோக்கித் திரும்பும் துயரம் அடுத்த ஊருக்கு வழி காட்டும்.

கயிலையும் ஐயாறும்

அப்பரின் வரலாற்றில் உள்ளத்தை உருக்கும் பகுதி கயிலை யாத்திரை. திருக்காளத்தி, திருப்பருப்பதம், வாரணாசி ஆகியவற்றைக் கடந்து, கயிலைக் கோலம் காணும் வேட்கையால் தனியே வடக்கு நோக்கி நடந்தார். பாதங்கள் தேய்ந்தன, கைகளால் தாவிச் சென்றார். கைகளும் தேய்ந்தன, மார்பினால் ஊர்ந்தார். மார்பும் நைந்தது, புரண்டு சென்றார். இறுதியில் அசைவற்றுக் கிடந்தார். முனிவர் வடிவில் வந்த இறைவன், மனிதர் அடைதற்கு அரியது கயிலை, மீண்டு செல்க என்று கூறியும், காணாது மீளேன் என்று உறுதி உரைத்தார்.

அவ்வுறுதியை இறைவன் பழிக்கவில்லை. அவ்வுடம்பை அங்கு அழிய விடவும் இல்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுமாறு பணித்தான். அப்பர் காவிரிக் கரையில் எழுந்தார். அவ்வூரிலே களிறும் பிடியும், சேவலும் பேடும் என இணை இணையாக வருவனவற்றைக் கண்டார். அவ்வுயிர்கள் யாவும் சத்தியும் சிவமுமாகத் தோன்றின. கோயிலே கயிலையாகப் பொலிந்தது.

இதனுள் இரண்டு உண்மைகள் உள. வேட்கை முழுமையாக இருத்தல் வேண்டும். அரைமனத்தோடு நடந்தவர்க்கு ஐயாற்றுக் காட்சி கிட்டியிராது. அதே வேளையில், உடம்பைத் தேய்த்துத் தேடிய பொருள், திரும்பி வந்த ஊரில், அன்றாடம் காணும் யானையிலும் கோழியிலும் இருந்தது. அங்குக் கண்டவை எல்லாம் இணைகள் என்பதும் ஓர்க. ஒன்றை மட்டும் நோக்கித் தனியே விரைந்தவருக்கு, இறைவன் இரண்டாகச் சேர்ந்து நடப்பவற்றையே காட்டினான். உடம்பும் உயிரும், வேட்கையும் அமைதியும், பாட்டும் பணியும் இணையாகச் செல்லும்போதே காட்சி நிறைவு பெறுகின்றது.

சிவிகையும் பொன்னும்

கயிலைக் காட்சி கண்டவர்க்கு இனிச் செருக்கு வர இடம் உண்டன்றோ? திருப்பூந்துருத்தியில் நிகழ்ந்ததைக் காண்க. பாண்டி நாட்டில் வெற்றி கண்டு திரும்பும் சம்பந்தரைக் காண அவ்வூர் திரண்டது. முதுமை எய்திய அப்பர் கூட்டத்தில் மறைந்து, முத்துச் சிவிகை தாங்குவாருள் ஒருவராய்த் தோள் கொடுத்தார். அப்பர் எங்கு உற்றார் என்று சம்பந்தர் வினவ, சிவிகையைத் தாங்கும் பேறு பெற்று இங்கே உள்ளேன் என்று விடை வந்தது. சம்பந்தர் பதைத்து இறங்கி வணங்க, அவருக்கு முன் அப்பர் வணங்கினார். திருமறைக்காட்டில் தம்மினும் எளிதாகக் கதவை அடைத்த அதே பிள்ளையாரையே அவர் தோளில் சுமந்தார்.

இறுதிச் சோதனை திருப்புகலூரில். அவர் புல் செதுக்கும் இடமெல்லாம் பொன்னும் நவமணியும் கிடக்குமாறு இறைவன் செய்தருளினான். அப்பர் அவற்றையும் பருக்கைக் கற்களையும் ஒன்றாகவே உழவாரத்தில் ஏந்தித் திருக்குளத்தில் எறிந்தார். பின்னர் அரம்பையர் வந்து ஆடியும் பாடியும் அவர் சிந்தை திரியவில்லை. பொன்னை வெறுத்து ஆரவாரம் செய்தார் அல்லர். அதனை எடுத்துப் பிறர் காணக் காட்டினாரும் அல்லர். அடியவர் நடக்கும் வழியில் காலை உறுத்துவது எதுவாயினும் அகற்றத் தக்கது, அவருக்கு அவ்வளவே. வெறுப்பும் விருப்பும் இல்லாத அந்தக் கை அசைவே சமநிலையின் முழு வடிவம். 81 ஆண்டு வாழ்ந்தார் என்று மரபு கூறும் அப்பெருமான், ஒரு சித்திரைச் சதய நாளில் அத்தலத்திலேயே சிவானந்த நிலை எய்தினார்.

விழாவுக்குப் பின்னர்

மெய்யன்பர்களே! திருப்பணிச் செல்வர்களே! 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்வது மரபு. கொம்பரக்கு, சுக்கான், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டும் அளவறிந்து சேர்த்து, இடித்து இணக்கிய அட்டபந்தன மருந்தே திருவுருவைப் பீடத்தில் அசையாது நிறுத்துகின்றது. அவ்வெட்டனுள் ஒன்றை மட்டும் மிகுதியாக இட்டால் மருந்து ஆகாது. மனித வாழ்வும் அத்தகையதே. அறிவு, உழைப்பு, அன்பு, அடக்கம் யாவும் அளவோடு கலந்து இடிபட்டால் அன்றி உள்ளம் நிலைகொள்ளாது.

கலச நீர் சொரிந்த நாளன்று கோபுரம் புதுமையோடு பொலியும். அடுத்த மழைக்குப் பின் அதே கோபுரத்தின் இடுக்கில் ஓர் அரசங்கன்று தளிர்க்கும். விழாவில் கூடிய பல்லாயிரவருள் அதனை அன்று காண்பவர் யார்? பொருள் வழங்கிய கை, அந்தக் கன்றைக் களையவும் நீளுமாயின் திருப்பணி முழுமை எய்தும். நீளாதாயின், அடுத்த குடமுழுக்கு வருமுன் கல் பிளந்துவிடும். ஈந்த பொருளும் வீணாகும். இன்றும் தமிழகமெங்கும் உழவாரத் திருக்கூட்டங்கள் விடுமுறை நாள்களில் திருக்கோயில்களைத் தூய்மை செய்து வருவது அப்பர் நெறி அறுபடவில்லை என்பதற்குச் சான்று.

ஆதலின் கற்றவர் திங்களுக்கு ஒரு நாளேனும் துடைப்பம் ஏந்துக. செல்வர் திருச்சுற்றில் ஒரு முழ நிலத்தையேனும் தம் கையால் செதுக்குக. நாள்தோறும் அலகிட்டு மெழுகும் எளியோரை, திலகவதியார் என்று எண்ணி ஏனையோர் வணங்குக. அவர்தம் மக்கள் கற்று உயர வழி செய்க. நாவில் பாட்டும் கையில் பணியும் நெஞ்சில் தெளிவும் இணைந்து வளர, இத்திருக்கோயிலும் இதனைச் சூழ்ந்து வாழ்வோரும் நீடூழி விளங்க, நாவுக்கரசர் திருவடித் துணை முன்னிற்பதாகுக.

திருச்சிற்றம்பலம்